மொட்டைகளின் ஊரில் அண்ணனைத் தேடியது

திருப்பதியில் ஒருவரைத் தொலைப்பது சுலபம். அதிலும் மொட்டை அடித்த ஆண் ஒருவரைத் தொலைத்துவிட்டு யாரிடம் போய் முறையிட்டாலும், கேட்பவருக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். அந்தச் சிரிப்பை நான் நேருக்கு நேர் வாங்கியிருக்கிறேன். ஒரு நொடி எனக்கும் சிரிப்பு வந்தது. தொலைந்தவர் என் அண்ணன்.

நான் திருப்பதியில் ஒரு மனநல மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவள். உட்கார்ந்திருப்பவள் என்பது பேச்சுக்குத்தான். கால் மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் எனக்குக் கால் நமநமக்கும். எழுந்து தண்ணீர் கேனைச் சரி பார்ப்பேன், மின்விசிறியைக் கூட்டிக் குறைப்பேன், வாசல் வரை போய் வருவேன். கல்யாணமாகி வந்தது சித்தூருக்கு. தினமும் காலையில் பாகாலா வழியாகத் திருப்பதி வந்து, சாயங்காலம் அதே வழியாகத் திரும்புகிறேன். பிறந்த வீடு நகரிக்குப் பக்கத்தில். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் வைத்துப் பிழைக்கும் தமிழ்க் குடும்பம். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் இப்போதும் கொஞ்சம் நிலத்தில் கரும்பு போடுகிறார்.

எங்கள் மருத்துவமனைப் பலகையில் 'நரம்பு' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். 'மனம்' அதற்குக் கீழே ஒண்டிக்கொண்டிருக்கும். மாடிக்கு இரண்டு படிகள். முன்படி தெருவிலிருந்து நேராகக் கூடத்துக்கு வரும். பின்படி கார் நிறுத்தும் இடத்திலிருந்து டாக்டரம்மாவின் அறைக் கதவுக்கே போகும். பின்படி யாருக்கு என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. காரில் வருபவர்களுக்கு அது தானாகவே தெரிந்துவிடும். அவர்களுடைய டோக்கனும் ஃபோனிலேயே வந்துவிடும். அதில் பெயர் இருக்காது, 'சாரோட பையன்', 'மேடம் பொண்ணு' என்றுதான் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பின்படியில் பூனைதான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வசதியானவர்கள் தெரிந்தவர் கண்ணில் படாத ஊராகப் பார்த்து, வேலூர், சென்னை, பெங்களூர் என்று போய்விடுவார்கள். கொரோனா வந்து போன பிறகு கதை மாறியது. காலேஜ் பிள்ளைகள் 'ஆங்ஸைட்டி', 'பானிக்' என்று நோயின் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டு வந்தார்கள். இரண்டு நாள் தூக்கம் கெட்டாலே அம்மாவும் அப்பாவும் காரைக் கிளப்பிவிட்டார்கள். அப்படித்தான் வர வேண்டும், அதில் தப்பே இல்லை. எனக்கு எரிச்சல் எல்லாம் முன்படியைப் பார்த்துத்தான். அது மாறவே இல்லை. அங்கே வருகிறவர்கள் மந்திரித்து, தாயத்துக் கட்டி, கோயிலுக்கும் தர்காவுக்கும் அலைந்து, ஆட்டோவில் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு, எல்லாம் முற்றின பிறகுதான் வந்தார்கள்.

முன்படியிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. திருப்பதியிலேயே கூலி வேலை செய்பவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்துவிட்டாவது போவார்கள். சித்தூர்ப் பக்கம், அதற்கும் அப்பால் குப்பத்துக்கருகே சாந்திபுரம் பக்கம் என்று தூரத்திலிருந்து வருபவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் ஆளைக் கட்டிவைக்கக் கயிறு தேவைப்படும் நிலைமை வரும்வரை தள்ளிப்போடுவார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்களுக்குப் பெரிய ஊர் என்றால் சித்தூர்தான். கோர்ட், காலேஜ், பெரிய டாக்டர் எல்லாம் அங்கே. என் கண்ணெதிரே திருப்பதி வீங்கிக்கொண்டே போனது, சித்தூர் அப்படியே நின்றுவிட்டது. ஏன் என்று படித்தவர்கள் விளக்குவார்கள். நான் பார்த்தது இந்த இரண்டு படிகளைத்தான்.

அண்ணன் ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக செல்ஃபோனுக்குச் சில்லுப் பொருத்தும் வேலையில் இருந்தார். ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். கம்பெனியை நான் குறை சொல்ல மாட்டேன். அதே பஸ்ஸில் போய்வந்த மற்றவர்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் வீடே கட்டிவிட்டார்கள். அண்ணனுக்குத்தான் தூக்கம் நின்றது. பகலில் வரவில்லை, அப்புறம் இரவிலும் வரவில்லை. தூங்காத ஆளுக்கு அலுப்பாவது வர வேண்டுமே, அதுவும் வரவில்லை. வீட்டில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் ஜன்னல் கம்பியையோ பீரோ கைப்பிடியையோ ஒரு தரம் தொட்டுக்கொள்வார். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்கின பிறகுதான் பொருளைத் தொட வேண்டும் என்பது கம்பெனியில் சொல்லிக் கொடுத்த பழக்கம். முதலில் அண்ணி அதைச் சொல்லிச் சிரித்தாள். சோற்றுத் தட்டைத் தொடவும் அவர் ஜன்னலுக்கு எழுந்து போக ஆரம்பித்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு கம்பெனி மேற்பார்வையாளருக்கு நேரம் காலம் இல்லாமல் ஃபோன் போட ஆரம்பித்தார். ஊருக்குள் இருக்கும் எல்லாக் கம்பங்களிலும் கரண்ட் கசிகிறதாம், லைனை உடனே நிறுத்த வேண்டுமாம். அண்ணி ஃபோனை வாங்கிப் புடவைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. வருஷக்கணக்காக அந்த மேசையில் இருப்பவளுக்கு இது கூடவா தெரியாது? அந்த வாரம்தான் சித்தூர்க் கிரானைட் முதலாளி ஒருவரின் மகன் பின்படியில் வந்திருந்தான். அவனுக்கும் இதே தூக்கமின்மை, இதே ஓயாத பேச்சு. கம்பங்களுக்குப் பதிலாக அவனுக்கு சாட்டிலைட். நான் டாக்டரம்மாவிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். "முதலில் அழைத்து வா, மற்றதை எல்லாம் பிறகு பார்க்கலாம்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு, பணத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் கையை அசைத்துவிட்டார்.

அன்று மாலையே பிறந்த வீட்டுக்கு ஓடினேன். நைனா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்திரை குடுக்கலாம், யாரு வேணான்னது? ஆனா மொதல்ல ஏழுமலையானுக்கு முடி எறக்கணும்" என்றார்.

"நைனா, சாமி எங்கயும் போகாது. தூக்கம் இல்லாத மனுசன் தாங்க மாட்டாரு."

"நீ பொறந்தப்போ உனக்கு மூச்சே இல்ல. முடி வேண்டிக்கினுதான் உன்னை எடுத்தேன். இன்னிக்கு வந்து எனக்கே சொல்றியா?"

அந்த ஆயுதத்தை எடுத்துவிட்டால் நைனாவிடம் யாரும் ஜெயிக்க முடியாது. அண்ணியும் அவர் பக்கம்தான் நின்றாள். பைத்திய ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிந்தால் கம்பெனியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவள் பயம். கோயிலுக்குப் போனதாகச் சொன்னால் லீவு கிடைக்கும். அவள் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய் வேண்டுதல். திங்கட்கிழமை காலை நானே அண்ணனை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது. முதல் டோக்கனை அவருக்கென்று எடுத்து வைத்தேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கோ மனசுக்கோ பெரிய சங்கடம் வந்தால் அவர் மட்டும் தனியாக முடி கொடுக்கக் கூடாது, பங்காளி வீட்டு ஆண்கள் எல்லாரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதாக ஐதீகம். ஆக ஒரு வேன் பிடித்து, சித்தப்பா, பெரியப்பா, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாரும் கிளம்பினோம். கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாது என்று நைனா எல்லா ஆண்களுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் துண்டு வாங்கிக் கொடுத்தார். ஃபோன்களை எல்லாம் டிரைவரிடம் விட்டுவிட்டு மேலே போனோம். முடி இறக்கும் கூடத்திலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தபோது எனக்கே யார் எவர் என்று பிடிபடவில்லை. மீசையும் போயிருந்தது. பெரியப்பா குழந்தை மாதிரி இருந்தார். அண்ணன் தன் தலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு, "இப்போ கரண்ட் ஏறாது" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நைனா சொன்னதுதான் சரியோ என்று ஒரு கணம் நானும் நம்பினேன்.

தரிசனம் முடிந்து கீழே இறங்கியதும் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் டிபன் துன்ன நிறுத்தினோம். ரோடு முழுக்க எங்கள் வேன் மாதிரியே வேன்கள், எங்களை மாதிரியே மொட்டைகள். சாப்பிட்டு ஏறிய பிறகு நைனா முன்னால் நின்று தலைகளை எண்ணினார். நானும் அண்ணியும் முன் சீட்டில் இருந்தோம். "சரியா கீது, எடுப்பா" என்றார் டிரைவரிடம். கடைசி சீட்டில் மஞ்சள் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி திரும்பிப் பார்த்து என் கையை அழுத்தினாள். "தூங்கறாரு பாரு, தூங்கறாரு" என்றாள். எத்தனை நாள் கழித்து வந்த தூக்கம். எழுப்பக் கூடாது என்று டிரைவரிடம் சொல்லிப் பாட்டை நிறுத்தச் சொன்னோம். வேனில் எல்லாரும் ரகசியக் குரலில் பேசிக்கொண்டார்கள்.

புத்தூரில் டீக்கு நிறுத்தினோம். தூங்கியவர் துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். அவர் எங்கள் அண்ணன் இல்லை.

கன்னடத்தில் எங்களை என்னென்னவோ கேட்டார். பாவம், தன் கூட்டத்தார் வந்த வேன் என்று நினைத்து வண்டி மாறி ஏறிவிட்ட மனுஷன். அவர் தோளிலும் மஞ்சள் துண்டு. நாங்கள் அத்தனை பேரும் பேயறைந்தாற்போல நிற்க, அவர் ஒரு சின்னப் பையிலிருந்து ஃபோனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். இருக்கும் இடத்தை மகனுக்கு ஃபோனிலேயே அனுப்பினார். நாங்கள் அழுவதா, ஓடுவதா என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. மகன் இறங்கி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டான், எங்களுக்கும் கைகூப்பினான். கார் போய்விட்டது. அண்ணனிடம் ஃபோன் இல்லை, பணம் இல்லை, பைகூட இல்லை. நைனா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "எண்ணுனேனே, சரியாத்தானே எண்ணுனேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வேனைத் திருப்பிக்கொண்டு போனோம். ஓட்டல், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் எங்கும் இல்லை. புகார் கொடுக்கப் போன போலீஸ் ஸ்டேஷனில் ஒரு காவலர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். அடையாளம் என்ன என்றார். மொட்டை என்றேன். மஞ்சள் துண்டு என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வாசலைக் காட்டி, "அந்தரூ குண்டே கதம்மா" என்றார். எல்லாரும் மொட்டைதானேம்மா என்று அர்த்தம். வாசலுக்கு வெளியே மஞ்சள் துண்டோடு நாலைந்து மொட்டைகள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அழுகையாகவும் மாறியது. அவரே எழுந்து தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் டோக்கன் என் மேசையிலேயே கிடந்தது. டாக்டரம்மா, "நீ இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது, போய்த் தேடு" என்று அனுப்பினார். தூங்காத உடம்பு ஒரு நாள் ஓய்ந்து உட்காரும், யாரும் கேள்வி கேட்காமல் சோறு கிடைக்கும் இடமாகப் பார் என்றார். திருப்பதியில் அப்படிப்பட்ட இடத்துக்கா பஞ்சம்? அன்னதானம் நடக்காத தெரு இல்லை. பசித்தவனுக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஒளிந்துகொள்ள நினைப்பவனுக்கும் கிடையாது.

அண்ணனின் ஃபோட்டோ என்று என்னிடம் இருந்தது அவருடைய கல்யாண ஃபோட்டோதான். சுருட்டை முடி, கருகரு மீசை, பட்டு வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. மொட்டை அடித்த பிறகு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் போய் முடியையும் மீசையையும் எடுத்துத் தரச் சொன்னேன். கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் அது ஊரில் யார் மாதிரி வேண்டுமானாலும் இருந்தது. இரண்டு படத்தையும் சேர்த்துப் பிரதி எடுத்து டீக்கடை, பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் என்று கொடுத்தேன். நான் நடந்த நடைக்குச் செருப்பு வார் அறுந்தது. நிற்க முடியவில்லை, நின்றால் அந்த நேரத்தில் அவர் வேறு தெருவைத் தாண்டிவிடுவார் என்று தோன்றும். ஷேர் ஆட்டோவில் போகும்போது யாரையாவது பார்த்துவிட்டு நடுரோட்டில் குதிப்பேன். அருகில் போனால் கர்நாடகாவோ ஒடிசாவோ, யாரோ ஒரு பக்தர் மிரண்டு பார்ப்பார். அவருடைய மனைவி என்னைப் பார்க்கும் பார்வையில், நான்தான் எங்கிருந்தோ தப்பி வந்தவள் என்று இருக்கும்.

நடுநடுவே மேசைக்கும் போய்வந்தேன், வேலை போய்விடக் கூடாதே. ஒரு நாள் பின்படியில் அந்தக் கிரானைட் முதலாளியின் மகன் இறங்கி வந்தான். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். கையில் லேப்டாப். "தேங்க்ஸ் அக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். அவன் மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் என்ன பாவம் செய்தான்? நோய் வந்தது, வீட்டார் அந்த வாரமே அழைத்து வந்தார்கள், குணமாகிக்கொண்டிருக்கிறான். எங்கள் அண்ணனுக்கும் அவனுக்கும் வந்தது ஒரே நோய், ஒரே வாரத்தில் எனக்குத் தெரியவந்த நோய். அதை நினைக்க நினைக்க அன்று டோக்கன்களை முறை மாற்றிக் கொடுத்து எல்லாரிடமும் திட்டு வாங்கினேன்.

நாட்கள் போயின. பங்காளிகள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். நைனா மட்டும் கரும்பைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தினமும் பஸ் ஏறித் திருப்பதிக்கு வந்தார். ஒரு நாள் மதியம் ஒரு மர நிழலில் உட்கார்ந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் தலை முழுக்க நரை முடி முள்முள்ளாக முளைத்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா அப்படிப் பாக்கற?"

"நைனா, அண்ணனுக்கும் இந்நேரம் முளைச்சிருக்கும்."

மழமழவென்று சந்தனம் பூசிய தலைகள் எல்லாம் வந்துபோகிறவர்கள். நேற்று வந்து நாளை போய்விடுவார்கள். முடி முளைத்த தலை என்றால் அந்த ஆள் போகவில்லை, போக இடமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார் என்று அர்த்தம். இத்தனை நாளும் நான் தப்பான தலைகளின் பின்னால் ஓடியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊர் வேறு ஊராகத் தெரிந்தது. முளைத்த தலைகள் எங்கும் இருந்தன. மேம்பாலத்துக்கு அடியில், குளத்தங்கரையில், லாட்ஜ் சந்துகளில். தனியாகச் சிரிப்பவர்கள், சுவரோடு பேசுபவர்கள், ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள். பெண்களும் இருந்தார்கள், முடி காது வரை வளர்ந்து. மராட்டி, ஹிந்தி, தமிழ், எந்த மொழிக்கும் ஆள் இருந்தார்கள். இவர்களை எல்லாம் நான் வருஷக்கணக்காகத் தினமும் தாண்டித்தான் வேலைக்குப் போயிருக்கிறேன். பக்தர்கள் என்றே நினைத்திருந்தேன். இவர்களுக்கும் ஏதோ ஓர் ஊரில் யாரோ வேண்டிக்கொண்டு, வேன் பிடித்து, இங்கே அழைத்து வந்திருப்பார்கள். சிலரை எண்ணும்போது தவறவிட்டிருப்பார்கள். சிலரை வேண்டுமென்றே எண்ணாமல் விட்டிருப்பார்கள். மருத்துவமனையின் முன்படிக்குக்கூட வராத கூட்டம் இது. ஒவ்வொரு முகத்தின் முன்னாலும் நின்று பார்க்க வேண்டியிருந்தது, பார்த்துவிட்டு இவர் இல்லை என்று நகர வேண்டியிருந்தது. அப்படி நகர்வதுதான் தேடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

திருச்சானூரில்தான் கிடைத்தார். கோயிலுக்குப் போகும் ரோட்டில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்துக்கருகே ஒரு பூக்கடை. கடைக்கார அம்மாவுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக் கொண்டுவந்து வைத்தார் ஒருவர். இளைத்துக் கறுத்திருந்தார். துண்டு மஞ்சளா சாம்பலா என்று தெரியவில்லை. தாடி வந்திருந்தது. நான் அவரைத் தாண்டிப் போகவிருந்தேன். அந்த அம்மா டம்ளரில் டீயை நீட்டினார். அதை வாங்குவதற்கு முன்னால் அவர் கையை நீட்டிக் கடையின் இரும்புக் கம்பியை ஒரு தரம் தொட்டார்.

"அண்ணா" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "வந்துட்டியா? டீ துன்றியா?" என்றார். டீயைத் துன்ன முடியாது என்று சின்ன வயதில் அவரை நான் கேலி செய்வது உண்டு. அன்று கேலி செய்யத் தோன்றவில்லை. ஓங்கி ஓர் அறை விடலாமா, காலில் விழலாமா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பூக்கடை அம்மா, "நல்ல பிள்ளைம்மா, யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லை" என்று தெலுங்கில் சொன்னார். நைனாவுக்கு உடனே ஃபோன் போட்டேன்.

அன்றைக்கே முன்படி வழியாக அவரை மாடிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா எல்லாரையும் அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் அவரோடு பேசினார். மாத்திரை தொடங்கியது. வந்து சேர்ந்த தூக்கம் அடுத்த சில நாட்களுக்கு அவரை விடவே இல்லை. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தில் துண்டு விழுந்தால் எடுத்து எடுத்து விட்டாள். கம்பெனியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அந்தப் பேச்சை அண்ணி இன்னும் அவரிடம் எடுக்கவில்லை.

இப்போது மாதாமாதம் மாத்திரை வாங்க அவரைச் சித்தூர் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். அங்கே காசு வாங்குவதில்லை, என் வீட்டிலேயே ஒரு நாள் தங்கிவிட்டும் போகலாம். போன முறை ரயிலில் போனோம். பாகாலாவில் வண்டி வெகுநேரம் நின்றது. வழக்கம்போல எனக்கு உட்கார முடியவில்லை, கதவுக்கும் சீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அண்ணன் வேர்க்கடலையை உரித்து, எனக்கென்று பாதியைத் தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். தலைமுடி சீவும் அளவுக்கு வளர்ந்திருந்தது.

"உக்காரும்மா. அப்பவும் நீ இப்படித்தான் அந்த ரோட்டுல நடந்துக்கினே இருந்த" என்றார்.

எந்த ரோட்டில் என்று கேட்டேன்.

"திருச்சானூர்லதான். ரெண்டு மூணு வாட்டி பாத்தேன். கையில பேப்பர் வெச்சிக்கினு ஓடிக்கினு இருந்த."

எனக்குக் கால் நின்றுவிட்டது. "பாத்தியா? பாத்துட்டு ஏண்ணா கூப்பிடல?"

"நீ யாரையோ தேடிக்கினு இருந்த. பாவம், யாரு வூட்டு ஆளோ தொலைஞ்சி பூட்டாங்க, நாம வேற தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

நான் எதிர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் உரித்த கடலையை என் கையில் போட்டார்.

"அங்க டீக்கடைக்காரரு ஒருத்தரு கூட ஒரு நாள் நீ குடுத்த பேப்பரைக் கொண்டாந்து காட்டுனாரு. இந்த ஆளை எங்கனா பாத்தியான்னு கேட்டாரு. நல்லா உத்துப் பாத்தேம்மா. பாக்கலன்னுட்டேன். பொய் சொல்லல. நெசமாவே அந்த ஆளைப் பாத்து ரொம்ப நாளு ஆயிருந்துச்சி."